லாக்புக்கில் எங்கள் கையெழுத்துக்கும் ஓர் இடம் கொடுங்கள்

முதுநிலை புராஸ்தோடான்டிக்ஸ் (செயற்கைப் பல் பொருத்தும் துறை) படிப்புக்குப் பாடத்திட்டம் வகுக்கும் பேராசிரியர்களுக்கும், கல்லூரிகளில் அந்தத் துறையை நடத்தும் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

நான் ஒரு டென்டல் டெக்னீஷியன். சட்டத்தின் கண்ணில் டென்டல் மெக்கானிக். பல்செட்டும் மற்ற பல் சாதனங்களும் செய்கிற, பழுது பார்க்கிற ஆள் என்று 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் எங்களுக்கு விளக்கம் கொடுத்திருக்கிறது. இரண்டு வருட டிப்ளமா முடித்து 26 வருடமாக அதைத்தான் செய்துவருகிறேன். முதல் 9 வருடம் ஒரு பல் மருத்துவக் கல்லூரியின் லேபில் இருந்தேன். அப்புறம் சொந்தமாக ஒரு சின்ன லேப் போட்டேன். இப்போது என்னோடு சேர்த்து நான்கு பேர். கல்லூரியின் பெயரையோ ஊரையோ சொல்லப்போவதில்லை. யாரையும் மாட்டிவிட நான் இதை எழுதவில்லை. மாட்டுவதென்றால் முதலில் மாட்டுகிறவன் நான்தான்.

ஏனென்றால் உங்கள் எம்.டி.எஸ்., அதாவது முதுநிலைப் பல் மருத்துவத் தேர்வில் நான் பலமுறை பாஸ் ஆகியிருக்கிறேன்.

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும். இரவு ஒன்பதரை மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு பி.ஜி. டாக்டர், அதாவது முதுநிலை மாணவர், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் குனிந்து உள்ளே வருவார். கையில் துண்டில் சுற்றிய ஹனாவ் ஆர்ட்டிகுலேட்டர், தாடை மாதிரி அசையும் கருவி. “அண்ணே, ஜா ரிலேஷன் எல்லாம் நானே எடுத்துட்டேன். பல் அடுக்கி, பேலன்ஸ் பண்ணி, ப்ராசஸ் பண்ணிக் குடுத்துருங்க. எக்ஸாமுக்கு வைக்கணும்” என்பார். ஜா ரிலேஷன் என்றால் கடிப் பதிவு, ப்ராசஸ் என்றால் மெழுகை அக்ரிலிக்காக மாற்றுவது. ஈறு நிஜ ஈறு மாதிரி இருக்க வேண்டும் என்று சிவப்பு நூல், புள்ளி எல்லாம் கேட்பார். நானும் செய்து கொடுப்பேன். இரவு வேலைக்குக் கூடுதல் கூலி. சில வாரம் கழித்து ஸ்வீட் பாக்ஸ் வரும். எக்ஸாமினர் அந்த பல்செட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார் என்று ஒருமுறை ஒருவர் சந்தோஷமாகச் சொன்னார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அவர் இன்று ஓர் ஊரில் சொந்தமாகக் கிளினிக் நடத்துகிறார். அவர் அனுப்பும் மாடல்கள், அதாவது நோயாளி வாயின் அச்சுகள், என்னிடம்தான் வருகின்றன. அவற்றைப் பார்க்கும்போது அந்தப் பெருமை கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகிறது.

அந்தப் பிள்ளைகளைச் சோம்பேறி என்று சொல்ல மாட்டேன். மூன்று வருடப் படிப்பு. முதல் வருட முடிவில் அடிப்படை அறிவியல் தேர்வு. அப்புறம் தீசிஸ், செமினார், ஜர்னல் கிளப், புறநோயாளிப் பிரிவு, இளநிலை மாணவர்களுக்கு டெமோ. இதற்கு நடுவில் லாக்புக்கில், அதாவது மாணவர் செய்த கேஸ்களைப் பதியும் புத்தகத்தில், இத்தனை முழு பல்செட், இத்தனை பிரிட்ஜ், இத்தனை காஸ்ட் பார்ஷியல் (உலோகச் சட்டம் வைத்த பகுதிப் பல்செட்), இத்தனை இம்ப்ளான்ட் என்று எண்ணிக்கை நிரம்ப வேண்டும். துறை லேபில் நான்கு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவர் இருப்பார். நோயாளியால் லேப் பில் கட்ட முடியாது. கேஸ் கைவிட்டுப் போகக் கூடாது என்று பி.ஜி. டாக்டரே தன் ஸ்டைபண்டிலிருந்து கட்டுவார். என் ரசீதுப் புத்தகத்தில் அப்படிப்பட்ட பில்கள் எத்தனையோ இருக்கின்றன. இப்படி நெருக்கினால் யாராக இருந்தாலும் குறுக்கு வழிதான் தேடுவார்கள். அந்தக் குறுக்கு வழிக்கு என் லேபின் விலாசம்.

2017-இல் வந்த எம்.டி.எஸ். விதிமுறைகளை ஒரு டாக்டரிடம் வாங்கிப் புரட்டிப் பார்த்தேன். புராஸ்தோ பகுதியில் லேப் வேலை இல்லாமல் இல்லை. நிறையவே இருக்கிறது. முதல் வருடத்தில் மாடலில் செய்ய வேண்டிய பயிற்சிகள் பக்கம் பக்கமாக வருகின்றன. பேப்பரில் குறை சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை, அவசியமும் இல்லை. நான் சொல்ல வருவது வேறு. அந்தப் பயிற்சிகள் ரப்பர் மோல்டில் வார்த்த மாடலில் நடக்கின்றன. நோயாளி நிஜ வாயோடு வரும்போது லேப் வேலை கைமாறி எங்களிடம் வந்துவிடுகிறது. பயிற்சியும் நோயாளியும் ஒரே கையில் சேருவதே இல்லை.

இதனால் என்ன கெட்டுப்போகிறது என்று கேட்பீர்கள். எல்லாவற்றையும் டாக்டரே செய்ய வேண்டும் என்றால் டெக்னீஷியன் எதற்கு என்றும் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பதிலை என் மேசையிலிருந்து சொல்கிறேன்.

பல்செட்டின் ஈறுப் பகுதியைச் செய்யும் அக்ரிலிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பவுடர் மூன்று பங்கு, லிக்விட் ஒரு பங்கு. கலந்தால் முதலில் ஈர மணல் மாதிரி இருக்கும். அப்புறம் தொட்டு இழுத்தால் நூல் விடும். பாகு காய்ச்சுகிறவர்கள் கம்பிப் பதம் பார்ப்பார்களே, அதே மாதிரி. அதையும் தாண்டி, கையில் ஒட்டாமல் மாவாகத் திரளும் ஒரு பதம் வரும். அப்போதுதான் ஃபிளாஸ்க் என்ற உலோக அச்சுப் பெட்டியில் வைத்து அழுத்த வேண்டும். இதுதான் பேக்கிங். முந்தினால் போரோசிட்டி, அதாவது உள்ளே ஓட்டை ஓட்டையாகும். பிந்தினால் ரப்பர் மாதிரி ஆகி, அழுத்தும்போது பல்லை நகர்த்திவிடும், கடி உயர்ந்துவிடும். பிறகு தண்ணீரில் 74 டிகிரியில் ஒன்றரை மணி நேரம், அதன் பின் கொதிநிலையில் ஒரு மணி நேரம். அவசரப்பட்டு நேராகக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால், லிக்விட் உள்ளேயே கொதித்து, தடித்த இடத்தில் பொரபொரவென்று ஓட்டை விழும். அதன் கொதிநிலை 100.8 டிகிரிதான். கடைசியில் ஃபிளாஸ்க் தானாக ஆறும்வரை காத்திருக்க வேண்டும். சூடாகத் திறந்தால் செட் முறுக்கிக்கொள்ளும்.

இப்போது ஒரு கீழ் பல்செட் போடும் அன்று உட்காரவில்லை என்று வையுங்கள். தப்பு அளவிலா, கடிப் பதிவிலா, மாடலிலா, பேக்கிங்கிலா, ஆறுவதற்கு முன்பே திறந்ததிலா? இந்த எல்லாப் படியையும் ஒருமுறையாவது தன் கையால் செய்து, ஒவ்வொன்றிலும் ஒருமுறையாவது கெடுத்தவருக்கு அது தெரியும். மற்றவர்கள் ஸ்ட்ரெயிட் ஹேண்ட்பீஸை எடுத்துத் தேய்க்கத் தொடங்குவார்கள். தப்பு எங்கே நடந்தது என்று தெரியாதபோது எல்லாத் தப்பையும் நோயாளியின் வாயில் வைத்தே சரிசெய்யப் பார்ப்பது மனித இயல்பு. ஒரு மணி நேரம் தேய்த்து முடித்த பிறகு அதில் நான் அடுக்கிய பல்லும் இருக்காது, அவர் எடுத்த அளவும் இருக்காது.

இன்னொன்று சொல்கிறேன், இது எனக்குத் தீராத மனக்குறை. மேல் பல்செட் கீழே விழாமல் பிடித்து நிற்பதில் பின் ஓரத்துக்குப் பெரிய பங்கு உண்டு. கெட்டியான அண்ணம் முடிந்து, மெத்தென்று அசையும் அண்ணம் தொடங்கும் இடம். நோயாளியை ‘ஆ’ என்று சொல்லச் சொல்லி, அசையும் கோட்டைக் காப்பியிங் பென்சிலால் குறித்து, அந்தச் சதை எவ்வளவு அமுங்கும் என்று தொட்டுப் பார்த்து, அதற்கேற்ற ஆழத்தில் மாடலைச் சுரண்ட வேண்டும். அந்தக் கோடு இருப்பது வாயில். வாய் இருப்பது டாக்டர் முன்னால். ஆனால் எனக்கு வரும் மேல் மாடல்களில் பெரும்பாலானவற்றில் கோடே இருக்காது. நானாக ஒரு கத்தியை எடுத்து, பழக்கத்தில், எல்லோருக்கும் ஒரே மாதிரி சுரண்டிவிடுவேன். நான் பார்த்தே இராத ஒருவரின் அண்ணம் எவ்வளவு அமுங்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? ஆனாலும் தினமும் அதை முடிவு செய்கிறவன் நான்தான். நோயாளிக்கு இது தெரிந்தால் என்ன நினைப்பார்?

காஸ்ட் பார்ஷியலில் கூத்து இன்னும் பெரியது. சீட்டில் ஒரு வரி வரும்: ‘லோயர் சி.பி.டி. (கீழ் காஸ்ட் பார்ஷியல்), டிசைன் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.’ கோபால்ட் குரோம் கொக்கி பல்லின் எந்தப் பள்ளத்தில் பிடிக்க வேண்டும், கால் மில்லிமீட்டர் ஆழம் எங்கே கிடைக்கிறது என்பதை, மாடலில் பள்ளம் அளக்கும் சர்வேயர் கருவியில் வைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் டாக்டர். நான் வேலை பார்த்த துறையில் சர்வேயர் கண்ணாடி அலமாரியில் பத்திரமாக இருந்தது. ஆய்வுக் குழு வரும்போது துடைத்து வைப்போம். சரி, டிசைனை நானே போட்டுவிடலாம். கடைவாய்ப் பல்லில் ரெஸ்ட், அதாவது செட்டைத் தாங்கும் உலோக நுனி, உட்காருவதற்குப் பல்லைச் சற்றுக் குடைந்து இடம் செய்திருக்க வேண்டும் அல்லவா? அது இருக்காது. போன் செய்து கேட்டால், “மாடல்ல கொஞ்சம் குடைஞ்சுக்கோங்க அண்ணே” என்பார்கள். மாடலில் நான் குடைந்தால் வாயில் குடைந்ததாகிவிடுமா? இப்படிச் சொன்னவர் முட்டாள் இல்லை. படிப்பில் என்னைவிட எத்தனையோ மடங்கு மேலானவர். ஒரு ஃப்ரேம்வொர்க்கை மெழுகிலிருந்து உலோகம் வரை அவர் ஒருமுறைகூட செய்ததில்லை, அவ்வளவுதான்.

கிரவுன் பிரிட்ஜ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும். உலோகத்தின் மேல் போர்சலின் ஏற்ற முன்பக்கம் ஒன்றே கால், ஒன்றரை மில்லிமீட்டர் இடம் வேண்டும். முக்கால் மில்லிமீட்டர் கொடுத்துவிட்டு, பல் துருத்திக்கொண்டு தெரிகிறது, லேப் சரியில்லை என்பார்கள். மார்ஜின், அதாவது கிரவுனின் ஓரம் பல்லில் முடியும் கோடு, எங்கே என்று டையில் (அந்த ஒற்றைப் பல்லின் மாடலில்) தேடும்போது, எனக்குத் தெரியாத கோட்டை நான் சிவப்புப் பென்சிலால் கற்பனையாக வரைகிறேன். மக்லீன், வான் ஃப்ரான்ஹோஃபர் என்ற ஆய்வாளர்கள் கிரவுன் ஓரத்துக்கும் பல்லுக்கும் நடுவே அனுமதிக்கலாம் என்று 1971-இல் சொன்ன 120 மைக்ரான் இடைவெளியை இன்னும் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். கிட்டத்தட்ட ஒரு தடித்த தலைமுடியின் அளவு. கற்பனைக் கோட்டுக்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்?

இப்போது வாய்க்குள் கேமராவால் அளவெடுக்கும் ஸ்கேனர் வந்துவிட்டது, இதெல்லாம் பழங்கதை என்று இளைய டாக்டர்கள் சொல்கிறார்கள். நானும் ஜிர்கோனியா என்ற பீங்கான் பொருளை மில்லிங் சென்டரில்தான் வெட்டுகிறேன். மெஷினோடு எனக்குச் சண்டை இல்லை. சுடும்போது ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுருங்கும் பொருளை, அந்தச் சுருக்கத்தைக் கணக்குப் போட்டுப் பெரிதாக வெட்டித் தரும் மெஷினைக் கும்பிடத்தான் வேண்டும். ஆனால் ரத்தத்துக்கு அடியில் இருக்கும் மார்ஜினை எந்த கேமராவும் பார்க்காது. ஸ்கேன் ஃபைலில் அந்த இடம் மெழுகு உருகின மாதிரி வழவழவென்று இருக்கும். முன்பு சிவப்புப் பென்சிலால் வரைந்த கற்பனைக் கோட்டை இப்போது மவுஸால் வரைகிறேன்.

இன்னொரு சின்ன விஷயம், மறக்கும் முன் சொல்லிவிடுகிறேன். அளவு ட்ரேக்கள் எங்களுக்கு எச்சிலும் ரத்தமுமாக, கழுவாமல் பாலித்தீன் பையில் வருகின்றன. ஓடும் தண்ணீரில் கழுவி, ஹைப்போகுளோரைட் தெளித்துப் பத்து நிமிடம் மூடி வைத்து அனுப்பினால் போதும். எங்கள் வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சரி, குறை சொன்னது போதும். நல்லதாக ஒன்று நடந்ததையும் சொல்கிறேன்.

2021-இல் கொரோனாவுக்குப் பின்னால் கரும்பூஞ்சை வந்தது நினைவிருக்கும். உயிர் பிழைக்க மேல் தாடையின் ஒரு பக்கத்தை எடுத்துவிட்ட நோயாளிகள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். அவர்களில் லாரி டிரைவர் ஒருவர். ஐம்பது வயதிருக்கும். அண்ணத்தில் பாதி இல்லை. தண்ணீர் குடித்தால் மூக்கு வழியாக வரும். பேசினால் வெறும் காற்றுதான். அவர் மனைவி பக்கத்தில் நின்று அவர் பேசுவதை நமக்கு மொழிபெயர்த்துச் சொல்வார். கொஞ்ச நாளில் அவர் பேசுவதையே நிறுத்திவிட்டார், எல்லாவற்றுக்கும் தலையாட்டல்தான்.

அவருடைய கேஸை எடுத்தது இரண்டாம் வருட டாக்டரம்மா ஒருவர். அந்த நேரத்தில் எங்களிடம் வேலை குவிந்து கிடந்தது. “என்னால் இப்போது முடியாதும்மா. வேண்டுமானால் நீங்கள் வந்து உட்காருங்கள், சொல்லிக் கொடுக்கிறேன்” என்றேன். எரிச்சலில் சொன்னதுதான். அவர் வந்துவிட்டார். மாலை ஐந்தரைக்கு வருவார், எட்டு எட்டரை வரை இருப்பார். கிட்டத்தட்ட மூன்று வாரம்.

அண்ணத்தில் இருக்கும் ஓட்டையை அடைக்கும் ஆப்டுரேட்டரில் பெரிய பிரச்சினை கனம். குழியை நிரப்பும் அந்தக் குமிழைக் கட்டியாகச் செய்தால், எடை தாங்காமல் செட்டே தொங்கிவிடும். உள்ளே கூடாக இருக்க வேண்டும். நடுவில் உப்பை வைத்து அக்ரிலிக்கால் மூடி, வெந்த பிறகு ஒரு சின்ன ஓட்டை போட்டு, வெந்நீர் பீய்ச்சி உப்பைக் கரைத்து வெளியேற்றி, அந்த ஓட்டையை அடைப்போம். பழைய முறை. டாக்டரம்மா முதல் தடவை செய்ததில் சுவர் ஒரு பக்கம் மெலிந்து, பாலிஷ் போடும்போது பொத்துக்கொண்டது. இரண்டாவது தடவை உப்பு முழுதாகக் கரையவில்லை. ஆட்டினால் கிலுகிலுப்பை மாதிரி சத்தம் வந்தது. என் லேப் பையன் சிரித்துவிட்டான். அவரும் சிரித்தார், ஆனால் கண் கலங்கியிருந்தது. மூன்றாவது தடவை சரியாக வந்தது.

நான் கவனித்தது வேறு ஒன்று. இரண்டாவது தடவைக்கும் மூன்றாவது தடவைக்கும் நடுவில் அவர் அந்த நோயாளியைத் திரும்பக் கூப்பிட்டு அளவை மறுபடி எடுத்தார். நான் சொல்லவில்லை. குமிழின் ஓரம் எங்கே மெலிகிறது என்று லேபில் கையால் தொட்டுப் பார்த்தபோது, வாயில் அந்த இடத்தில் சதை எப்படி நகர்கிறது என்று சந்தேகம் வந்திருக்கிறது. கன்னத்தை அசைக்கச் சொல்லி, விழுங்கச் சொல்லி, தலையைத் திருப்பச் சொல்லி மறுபடி எடுத்தார். கிளினிக்கும் லேபும் ஒரே தலைக்குள் இருந்தால்தான் அந்தச் சந்தேகம் வரும். அந்த அளவு என் மேசைக்கு வந்த நல்ல அளவுகளில் ஒன்று.

போடும் அன்று என்னையும் கூப்பிட்டார்கள். 9 வருடம் கல்லூரியில் இருந்தும், என் கையால் செய்த ஒன்று வாயில் ஏறுவதை நான் பார்த்தது மிகக் குறைவு. டிரைவர் ஒரு டம்ளர் டீ குடித்தார். மூக்கில் வரவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு மனைவியைப் பார்த்து, “சக்கரை போடலியா?” என்றார். அந்த அம்மாவுக்கு அது முழுதாகப் புரிந்தது.

இந்த இடத்தில் ஒரு கிளைக்கதை. பேச்சைச் சோதிக்க உங்கள் துறைகளில் நோயாளிகளை ‘மிசிசிப்பி’ சொல்லச் சொல்கிறார்கள், ‘ஃபிஃப்டி ஃபைவ்’ எண்ணச் சொல்கிறார்கள். ஓர் ஆத்தா, “அது எந்த ஊரு சாமி?” என்று கேட்டார். புத்தகம் எழுதியவர் ஊருக்கு அது சரி. நம் வாயில் ‘வ’ சொன்னாலே கீழ் உதடு மேல் பல்லை நெருங்குகிறது: வெயில், வீடு, வாவா. ‘ச’வுக்குச் சாமியும் சந்தையும் இருக்கின்றன. ‘தாத்தா’ என்றால் நாக்கு மேல் பல்லின் பின்புறத்தைத் தொட்டுச் சொல்லிவிடும், பல் முன்னால் போய்விட்டதா பின்னால் வந்துவிட்டதா என்று. இதைத் தமிழிலேயே சோதிக்க உங்களில் யாராவது ஒரு முறை வகுத்துத் தந்தால் நன்றாயிருக்கும். அந்த டாக்டரம்மா தாமாகவே ஒரு சொற்பட்டியல் எழுதி வைத்திருந்தார்.

அவருடைய லாக்புக்கில் அந்தக் கேஸ் ஒரே வரி. முழு பல்செட் ஒன்று எப்படி ஒரு வரியோ அப்படி. மூன்று வாரம், கெட்டுப்போன இரண்டு குமிழ், மறுபடி எடுத்த அளவு, எதற்கும் அங்கே இடமில்லை. போட்ட தேதியோடு வரி முடிந்துவிடுகிறது. அதன் பிறகு டிரைவர் எட்டு முறையாவது வந்திருப்பார். ஓரம் உரசுகிறது, குழி சுருங்கி ஆடுகிறது, லைனிங் வேண்டும் என்று. அந்த வருகைகள் எதிலும் ஏறவில்லை. மற்றவர்கள் சீக்கிரம் முடியும் கேஸ்களாகப் பார்த்து எடுத்து, எண்ணிக்கையில் அந்த டாக்டரம்மாவைத் தாண்டிப் போய்விட்டார்கள்.

ஆகவே என் கோரிக்கையின் முதல் பகுதி இது: எண்ணிக்கையைக் குறையுங்கள், ஒவ்வொரு கேஸின் நீளத்தைக் கூட்டுங்கள். முதல் ஐந்து முழு பல்செட், முதல் இரண்டு காஸ்ட் பார்ஷியல், முதல் சில கிரவுன்கள், அளவிலிருந்து பாலிஷ் வரை ஒரே கையால் நடக்கட்டும். ஃபிளாஸ்க்கிங், டீவாக்ஸ் (மெழுகை உருக்கி எடுப்பது), பேக்கிங், காஸ்டிங் எதையும் விட்டுவிட வேண்டாம். ஐந்துக்குப் பின் வெளியே அனுப்பட்டும், நாங்கள் இருக்கிறோம். அந்த நிலையில் அவர்கள் கற்க வேண்டியது வேறு: சீட்டு எழுதுவது. எந்தப் பல்லில் ரெஸ்ட், எந்த உலோகம், எந்த ஷேடு (பல் நிறம்), எந்தப் பல்லில் என்ன வெள்ளைப் புள்ளி, பின் ஓரம் எவ்வளவு ஆழம். ஷேடைப் பல்லைக் குடைவதற்கு முன்பே, பல் உலர்ந்து வெளுத்துப்போகும் முன்பே எடுக்க வேண்டும் என்பது உட்பட. எனக்கு வரும் சீட்டுகளில் பாதி ‘ஏ2, அவசரம்’ என்பதோடு முடிகின்றன (ஏ2 ஒரு நிற எண்). தேர்வில் மாணவர் எழுதிய உண்மையான பத்து லேப் சீட்டுகளை எக்ஸாமினர் முன் வையுங்கள். பல்செட்டை டிஸ்ப்ளேக்கு வைப்பதைவிட அதில் அதிகம் தெரியும். அதை என்னால் ராத்திரியோடு ராத்திரியாகச் செய்து கொடுக்கவும் முடியாது.

திரும்பச் செய்ததற்கும் ஒரு பதிவேடு வேண்டும். எந்தக் கேஸ் திரும்பியது, ஏன், தப்பு கிளினிக்கிலா லேபிலா என்று இரண்டு தரப்பும் உட்கார்ந்து எழுத வேண்டும். தண்டனை கூடாது, தண்டனை வந்தால் பதிவேடு காலியாகத்தான் இருக்கும். எங்கள் தப்பும் அதில் வரும். மாடலை உடைத்திருக்கிறேன், இரண்டு நோயாளிகளின் டையை மாற்றி வைத்திருக்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள்.

போட்ட மறுநாள், ஒரு வாரம், ஆறு மாதம் என மூன்று வருகையும் பதிவான பிறகுதான் ஒரு முழு பல்செட்டைக் கணக்கில் சேருங்கள். கூலி வேலையை விட்டு நோயாளி பஸ் ஏறித் திரும்ப வருவாரா என்றால், எல்லோரும் வர மாட்டார்கள். பஸ் செலவைத் துறை கொடுத்தால் வருவார்கள். லேப் பில்லையும் மாணவர் பையிலிருந்து எடுக்க விடாதீர்கள். அந்தப் பணம் மாணவரின் பையிலிருந்து வரும்வரை, மலிவான லேபும் சுலபமான கேஸும்தான் அவர் கண்ணுக்குத் தெரியும். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது.

இரண்டாவது பகுதி, எங்களைப் பற்றியது. அமெரிக்காவில் இந்தப் படிப்பு குறைந்தது 33 மாதம். என்னிடம் வேலை கொடுத்த ஒருவர் அங்கே படிக்கப் போயிருக்கிறார். அங்கீகாரம் கொடுக்கும் அமைப்பின் விதிப்படி, மொத்த நேரத்தில் குறைந்தது 60 சதவீதம் நோயாளிக்கான சேவைக்குப் போக வேண்டுமாம். லேப் வேலையும் அந்த நேரத்திலேயே சேருமாம். எனக்கு அந்தச் சதவீதம் பெரிதில்லை. லேபில் செலவழிக்கும் நேரமும் நோயாளிக்குச் செலவழிக்கும் நேரம்தான் என்று எழுத்திலேயே வைத்திருக்கிறார்களே, அதுதான் பிடித்திருந்தது. நம் துறைகளில் லேபில் உட்கார்ந்திருக்கும் பி.ஜி.யைப் பார்த்து, “ஓ.பி.யில் கூட்டம் நிற்கிறது, இங்கே என்ன பண்றீங்க?” என்று கேட்பதை என் காதால் கேட்டிருக்கிறேன்.

முதல் ஆறு மாதத்தில் வாரத்துக்கு இரண்டு மதியம், லேபில் டெக்னீஷியன் பக்கத்தில் உட்கார்ந்து வேலை என்று நேர அட்டவணையில் போடுங்கள். காலியாக இருக்கும் டெக்னீஷியன் இடங்களை நிரப்புங்கள், இல்லாவிட்டால் மாணவர்கள் வந்து அந்த ஒற்றை மனிதரின் எடுபிடியாகத்தான் ஆவார்கள்; அதைப் பயிற்சி என்று சொல்ல முடியாது. அப்புறம், அந்த வேலையைப் பார்த்த டெக்னீஷியனின் கையெழுத்துக்கு லாக்புக்கில் ஒரு கட்டம் போடுங்கள். பேராசிரியர் கையெழுத்துக்குப் பக்கத்தில், சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை. சட்டப்படி பதிவு செய்த தொழிலாளி நான். பேக்கிங்கை இந்த மாணவர்தான் செய்தார் என்று நேரில் பார்த்துச் சொல்லக்கூடிய ஆளும் நான்தான். அந்தக் கட்டம் இருந்தால் இரவு ஒன்பதரைக்கு ஷட்டருக்குக் கீழே குனிந்து வருகிறவரிடம், “டாக்டர், இதில் நான் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது, முடியாது” என்று சொல்ல எனக்கும் ஒரு பிடி கிடைக்கும். இப்போது மறுத்தால் அடுத்த தெருவில் இருக்கும் லேபுக்குப் போவார். என் கூலிதான் போகும்.

டெக்னீஷியனிடம் டாக்டர் கற்பதா என்று சிலர் முகம் சுளிப்பார்கள். அந்த டாக்டரம்மா என்னிடம் கற்றுக்கொண்டதைவிட நான் அவரிடம் கற்றது அதிகம். சதை எப்படி நகரும் என்று அவர்தான் எனக்குக் கண்ணாடியில் என் வாயைக் காட்டிச் சொன்னார். இத்தனை வருடம் பின் ஓரத்தை ஒரே ஆழத்தில் சுரண்டியவன், இப்போது கோடு இல்லாத மாடல் வந்தால் போன் போட்டுக் கேட்கிறேன். சிலர் திட்டுகிறார்கள். சிலர் நோயாளியைத் திரும்பக் கூப்பிடுகிறார்கள்.

2023-இல் நாடாளுமன்றம் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை நிறைவேற்றியிருக்கிறது. சட்டம் மாறும்போது பாடத்திட்டத்தையும் ஒருமுறை திறப்பீர்கள் என்ற நம்பிக்கையில்தான் இதை எழுதினேன். திறக்கும் அன்று அந்த மேசையில் ஒரு டெக்னீஷியனையும் உட்கார வையுங்கள். நானாக இருக்க வேண்டியதில்லை, எனக்கு இங்கிலீஷ் சரியாக வராது.

அதுவரைக்கும், என் லேபில் ஜன்னல் பக்கம் ஒரு மேசை காலியாக இருக்கிறது. சக்ஷன் உண்டு, வெளிச்சம் நன்றாக வரும். எந்தக் கல்லூரிப் பிள்ளையாக இருந்தாலும் மாலை ஐந்தரைக்கு மேல் அனுப்புங்கள். காசு வேண்டாம். டீ நாங்கள் வாங்கிக் கொடுக்கிறோம். மாஸ்க் மட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள், உலோகத் தூள் நுரையீரலுக்கு ஆகாது.

இப்படிக்கு,
ஒரு டென்டல் மெக்கானிக்